பிரஷ் மாஸ்டரின் நூறு பூச்சிகள்

பதுளையில் பிரஷ் மாஸ்டரோடு ஒரே போர்டிங்கில் இருந்து, சொந்தப் பல் பிரஷைக் காப்பாற்றிக்கொண்ட மனிதர் எவருமில்லை. விஞ்ஞானம் படிப்பித்த அவர், பிரஷின் தலையை மட்டும் வெட்டியெடுத்து, பழைய போனை அதிரவைக்கும் குட்டி மோட்டரையும் பொத்தான் பேட்டரியையும் அதன்மேல் ஒட்டுவார். தரையில் விட்டால் பூச்சி மாதிரி தானாக ஓடும். கரப்பான்களே அதற்கு வழிவிட்டன.

பஜாரில் போன் திருத்தும் நானா அவரைக் கண்டாலே கடைக் கதவைப் பாதி சாத்துவார். "மாஸ்டர், நல்ல போனையும் கழட்டிராதீங்க!"

நூறு பூச்சிகள் சேர்ந்ததும் ஒரு பேக்கரித் தட்டில் விட்டார். பாதிக்குப் பேட்டரி இல்லை. ஓடுகிறவை முட்டி முட்டி, ஓடாதவற்றை நடுவில் ஒரே குவியலாக்கிவிட்டன.

"பாத்தியா தம்பி, யாரும் சொல்லல. தானாவே பிரியுது!" என்று, அதே போர்டிங்கில் இருந்த என்னிடம் சொல்லி, கட்டியிருந்த சாரத்தோடு குதித்தார்.

இதைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு பேராசிரியர் வருவதாக இருந்தது. அன்று காலை நான் விளையாட்டாக முப்பது பூச்சிகளை என் பெட்டிக்குள் ஒளித்தேன். மாஸ்டர் தேடித் திண்டாடட்டும், சிரித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அவரோ புதுச் சட்டை போட்ட பதற்றத்தில் எண்ணிப் பார்க்கவேயில்லை.

பேராசிரியர் முன்னால் பூச்சிகளை விட்டபோது தட்டில் இடம் தாராளமாகிவிட்டது. பூச்சிகள் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் திரிந்தன. குவியல் வரவேயில்லை.

"இன்னும் அஞ்சே நிமிஷம் சேர்…" என்று பேராசிரியரிடம் கெஞ்சினார் மாஸ்டர்.

பேராசிரியர் மரியாதையாகவே எழுந்து போனார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். பயந்துவிட்டேன்.

"நான்தான் தப்பா பாத்துட்டேன் போல" என்றார் மாஸ்டர். எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினார். அடுத்த பள்ளித் தவணையே இடமாற்றம் கேட்டு, தான் பிறந்த நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கே போய்விட்டார்.

பல வருஷம் கழித்து, போன மாதம் அங்கே போய் உண்மையைச் சொன்னேன்.

"முப்பதா எடுத்த?"

"ஆமாங்க மாஸ்டர்."

"அப்ப எழுவதுல சேரல." விரலை மடக்கி யோசித்தார். "எம்பதுல சேர்ந்திருக்குமா? கூட்டம் எவ்வளவு இருந்தா சேரும்னு அன்னைக்கே பாத்திருக்கலாமேப்பா!"

ஒரு வார்த்தை திட்டியிருந்தால், நான் நிம்மதியாகப் பஸ் ஏறியிருப்பேன்.