கிளாம்ப் மீட்டர் காட்டிய பூஜ்ஜியம்

மதிப்பிற்குரிய மாடிவீட்டு ஐயா அவர்களுக்கு,

கீழ்வீட்டில் குடியிருப்பவன் பணிவோடு எழுதுவது. தாங்களும் அம்மாவும் நலமென்பதை எங்கள் தலைக்கு மேல் கேட்கும் நடமாட்டத்தில் அறிகிறோம். இங்கே என் மனைவியும் மகளும் நலம். நான் நலமில்லை. மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஐயா, தாங்கள் ஒரு திருடனைக் குடிவைத்திருக்கிறீர்கள். அது நான்தான்.

இஸ்திரிப் பெட்டியின் பிளக் சுடுகிறதே, எவ்வளவு கரண்ட் போகிறது என்று பார்க்கலாமென்று ஒரு கிளாம்ப் மீட்டர் வாங்கினேன். நண்டுக் கொடுக்கு மாதிரி வாயைத் திறந்து வயரைக் கவ்வும், ஆம்பியர் சொல்லும். மகளின் புத்தகத்தில் சூத்திரமும் பார்த்துக்கொண்டேன். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். வகுத்தால் ஓம், அதாவது மின்தடை. வோல்ட் 230. பெட்டியைப் போட்டு வயரைக் கவ்வினேன். ஆம்பியர் பூஜ்ஜியம். பெருக்கினால் பூஜ்ஜியம் வாட். வகுக்கப் போனேன், பூஜ்ஜியத்தால் வகுத்ததற்கு அந்தக் காலத்தில் வாத்தியார் காதைத் திருகியது ஞாபகம் வந்து விட்டுவிட்டேன். ஆனால் பெட்டி சுடுகிறது ஐயா, ஒரு நல்ல சட்டை கருகியே போச்சு. மிக்ஸியைக் கவ்வினேன், பூஜ்ஜியம். டேபிள் ஃபேன், அதுவும் பூஜ்ஜியம். கடைசியில் மீட்டர் பெட்டியிலிருந்து வரும் இரண்டு வயரையும் சேர்த்துக் கவ்வினேன், அங்கேயும் அதே கதை. அப்பத்தான் புரிஞ்சுது, எங்க பில்லு மீட்டர் வழியா ஒரு சொட்டுக் கரண்ட்கூட வரலை, இத்தனை வருஷமா உங்க லைன்லேருந்துதான் எப்படியோ இறங்கிக்கிட்டிருக்கு. "அப்போ ரெண்டு மாசத்துக்கு ஒருவாட்டி வர்ற பில்லு யாருதாம்?" என்று மனைவி கேட்டாள். அவளுக்குக் கணக்கு வராது ஐயா. "நீங்க வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்றும் சொன்னாள். முப்பது வருஷம் தட்டச்சு செய்து ஒரு வெள்ளைத்தாள்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவன் எப்படிச் சும்மா இருப்பேன்? ஃபேனை நிறுத்திட்டோம், அட்டையாலே விசிறிக்கிறோம். படியிலே உங்க செருப்புச் சத்தம் கேட்டாலே கதவுக்குப் பின்னாலே போய் நின்னுக்கிறேன். கரண்ட் ஆபீஸ்காரர்கள் வந்து நின்றால் தெருவில் எந்த முகத்தோடு நடப்பேன்? மகளுக்கு அடுத்த மாதம் பரீட்சை. இந்த நேரத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடாதீர்கள். தெரியாமல் நடந்த பிழை, பெரிய மனசு பண்ணி மன்னிக்க வேண்டும்.

தங்கள் குடும்பம் வாழையடி வாழையாகத் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்து நிற்கும் கீழ்வீட்டுக்காரன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மகள் வாங்கிப் படித்துவிட்டாள். "அப்பா, ஒரு கம்பியில போற கரண்ட் இன்னொண்ணுல திரும்பி வருது. இஸ்திரிப் பெட்டி வயருக்குள்ளேயும் அந்த ரெண்டு கம்பி இருக்கு. ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சா ஒண்ணை ஒண்ணு அடிச்சிடும், பூஜ்ஜியம்தான் காட்டும். ஒத்தை வயரைப் பிடிக்கணும்" என்றாள். மீட்டர் பெட்டியில் ஒற்றை வயரைப் பிடித்தோம். இஸ்திரிப் பெட்டிக்கு 4.3 ஆம்பியர், 989 வாட், 53 ஓம் சொச்சம். போன உயிர் திரும்பி வந்தது. எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு நிம்மதியாக நிற்கையில் முள் இல்லாத அந்த மீட்டர் தானாக 6.5க்கு ஏறியது. 1495 வாட், 35 ஓம் சொச்சம். "இது வெந்நீர் ஹீட்டர்ப்பா" என்றாள் மகள். எங்கள் வீட்டில் ஹீட்டர் கிடையாது. கால் மணி நேரத்தில் பூஜ்ஜியமானது. அண்ணாந்து பார்த்தால் தாங்கள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு பால்கனியில் நிற்கிறீர்கள். கடிதத்தைக் கிழிக்கலாமென்றால் மனைவி விடவில்லை, அப்படியே கொடுங்க, படிக்கட்டும் என்கிறாள். ஆகவே, மேலே கேட்ட மன்னிப்பை மட்டும் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடவும்.