முப்பது மில்லி ஆம்பியரும் மாப்பிள்ளையின் நிபந்தனையும்

ஆம்பூர்
14.12.2005

கர்த்தரின் அன்புக்குரிய மாப்பிள்ளை ஜோவின் அவர்களுக்கு,

அத்தை ஜெபகனி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் மாமாவும் நலம். வீட்டு ஒயரிங்கும் நலம். அங்கே நீங்களும் எப்சியும் அவள் வயிற்றுக் குழந்தையும் நலமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நான் போனில் பேசினால் உங்கள் மாமா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியையும் திருத்துவார். அதனால் கடிதம்.

கல்யாணமான மறுவாரம் விருந்துக்கு வந்தபோது எங்கள் குளியலறைக் குழாய் உங்களுக்கு ஷாக் அடித்ததை நாங்கள் மறக்கவில்லை. நீங்களும் மறக்கவில்லை என்பது உங்கள் கடிதத்தில் தெரிந்தது. ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி, மாமியார் வீட்டில் துண்டோடு ஓடிவர நேர்ந்தது எங்களுக்கும் வருத்தம்தான். புது விதிப்படி முப்பது மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டினால்தான் தலைப்பிரசவத்துக்கு எப்சியை அனுப்புவேன் என்று நீங்கள் எழுதியது நியாயமே. உங்கள் மாமாதான், "வரதட்சணை கேக்காத மாப்பிள்ளன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சேன், இப்ப ட்ரிப்பர் கேக்கறாரு" என்று இரண்டு வேளைச் சாப்பாட்டை இதிலேயே ஓட்டினார். (இங்கே அதை ட்ரிப்பர் என்றே சொல்கிறார்கள்.) போன மின்சாரம் முழுதாகத் திரும்பி வராவிட்டால், யார் உடம்பு வழியாகவோ பூமிக்குப் போகிறது என்று கணித்து அது கரண்டை நிறுத்திவிடும் என்று எழுதியிருந்தீர்கள். அதுவரை புரிந்தது. நான் படித்தது எம்.ஏ. வரலாறு. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் புரியவில்லை.

பஜாரில் அப்துல் ஹமீத் பாயின் எலக்ட்ரிகல் கடைக்குப் போனோம். மேஜை மேல் மூன்று பெட்டிகளை வைத்தார். மூன்றும் ஒரே வெள்ளை, மூன்றிலும் ஒரே மாதிரிக் குமிழ். விசாரித்ததில் ஒன்று லோடு ஜாஸ்தியானால் குமிழ் விழுந்து கரண்டை நிறுத்துமாம், அது ஒயரைக் காப்பாற்றும். இன்னொன்று முன்னூறு மில்லி ஆம்பியர், அது வீடு தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும். மூன்றாவது முப்பது, அதுதான் மனுஷனைக் காப்பாற்றும். "இதுல எது ஜாஸ்தி விக்குது?" என்று கேட்டேன். "ஒயரக் காப்பாத்தறதுதாம்மா. மனுஷனுக்குன்னு யாரும் வந்து கேக்கறதில்ல" என்றார். உங்கள் மாமாவோ முன்னூறைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஒரே பொண்ணு, பத்து மடங்கு பாதுகாப்பாவே இருக்கட்டும், அவளுக்குப் போயி கம்மியானதா வாங்குவாங்க?" என்றார். கொஞ்சம் கசிந்தாலே போதும், கம்மியானதுதான் சீக்கிரம் விழும் என்றேன். "சீக்கிரம் விழறது நல்லதா கெட்டதா?" என்று கேட்டார். "முப்பது வேணாம் டீச்சரம்மா, சும்மா சும்மா விழுந்து பேஜார் பண்ணும். முன்னூறு போட்டா நிம்மதி" என்றார் பாய். நிம்மதி யாருக்கு என்று கேட்டேன். அவர் முப்பதைப் பில் போட்டார்.

பெருமாள் என்று ஒருவர், ஷூ கம்பெனியில் மெஷின் ஒயரிங் பார்ப்பவர், வந்து மாட்டினார். மாட்டிவிட்டு ஹீட்டரைப் போட்டதும் விழுந்தது. தூக்கிவிட்டார். விழுந்தது. இந்த ஊர்த் தண்ணீரில் உள்ள உப்பு ஹீட்டர் காயிலைத் தின்றுவிட்டது, கசிகிறது என்றார். அப்படியானால் ட்ரிப்பர் சரியாகத்தானே வேலை செய்கிறது என்றேன். "அதெல்லாம் சரிம்மா, ஆனா விழுதே!" என்றார். எர்த் கம்பியைக் கழற்றிவிட்டால் விழாதாம். "ட்ரிப்பர் விழாது. ஆள்?" என்றேன். "இன்னாம்மா நீங்க, செருப்பு போட்டுக்கினு குளிங்க. ஆம்பூர்ல செருப்புக்கா பஞ்சம்?" என்றார். எர்த்தில் கை வைக்க விடாமல் காயிலை மாற்ற வைத்தேன். அன்று ராத்திரி அமைதி, ஆஹா என்று இருந்தால், மறுநாள் சாயங்காலம் மொட்டைமாடியில் கிறிஸ்துமஸ் ஸ்டார் போட்டோம், பனி இறங்க இறங்க ஹோல்டர் நனைஞ்சு அதுக்கும் விழுந்தது. ஜெபத்துக்கு உக்காந்தா விழுது, எழுந்து நாற்காலி போட்டு ஏறித் தூக்கிவிட்டு மறுபடி முழங்கால் போட்டா மறுபடி விழுது, உங்க மாமா ஆமென் சொல்றதுக்குள்ள மூணு தடவை நாற்காலி ஏறிட்டாரு. ஸ்டாரைக் கழட்டிட்டேன். அதைப் பாத்துட்டு சபையில இருந்து ரெண்டு பேர் வந்து, "அக்கா, வீட்ல ஏதாவது துக்கமா? இல்ல ஸ்டார் போடாத வேற சபைக்குப் போய்ட்டீங்களா?" ன்னு தணிஞ்ச குரல்ல விசாரிக்கறாங்க. மில்லி ஆம்பியர்ன்னு சொன்னேன். அது எந்த சபைன்னு கேட்டாங்க.

இதற்கிடையில் பக்கத்து வீட்டு குர்ஷித் அம்மாவின் மகளுக்குக் கல்யாணம். சீரியல் லைட்டுக்கு நம் வீட்டிலிருந்து ஒரு லைன் கேட்டார்கள். ஈத் வந்தால் முதல் பிரியாணி நமக்குத்தான் வரும், எப்படி மறுப்பது? பந்தல்காரரிடம் ஒயர் நீளம் பத்தவில்லை. ஒரு கம்பியை மட்டும் நம்மிடம் இழுத்துக்கொண்டு இன்னொன்றை அவர்கள் வீட்டிலேயே மாட்டிவிட்டார். ஸ்விட்சைப் போட்டதும் நம் வீடும் இருட்டு, பந்தலும் இருட்டு. மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கறாங்க, குர்ஷித் அம்மா மதில் மேல எட்டிப் பாத்து, "இன்னா ஜெபகனி, என் பொண்ணு கல்யாணத்துக்கு உன் வீட்டு ட்ரிப்பர் பிடிவாதம் பண்ணுதே!" ன்னு கிட்டத்தட்ட அழறாங்க. உங்க மாமா பெருமாளைக் கூட்டிட்டு வந்தாரு. "போறது உங்க வூட்ல, வர்றது அவங்க வூட்ல. அது எப்படிம்மா நிக்கும்?" ன்னுட்டு பெருமாள் உள்ள போனாரு, கொஞ்ச நேரத்துல பந்தல் ஜொலிச்சது. என்ன பண்ணீங்கன்னு கேட்டேன். "செட் பண்ட்டேன்மா" ன்னாரு.

அன்றிலிருந்து ஒரு முறைகூட விழவில்லை. ஸ்டாரை மறுபடி மாட்டினோம், பனியிலும் எரிகிறது. ஹீட்டர் ஓடுகிறது. எதையும் இரண்டாம் முறை கேட்கும் பழக்கமுள்ள நான் இதை மட்டும் ஏனோ கேட்கவில்லை. விழாத ட்ரிப்பர் திருப்தியாக இருக்கிறதா, செத்துவிட்டதா என்ற சந்தேகம் அவ்வப்போது வருகிறது. எப்சியின் கட்டிலுக்கு வெயிலில் காயவைத்த மெத்தையைப் போட்டுவிட்டேன், ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்துவிட்டேன். ஆகவே நிபந்தனை நிறைவேறியது. இருபத்து மூன்றாம் தேதி தாராளமாக எப்சியை அழைத்துக்கொண்டு வாருங்கள்.

உங்கள் இருவரையும், இன்னும் பெயர் வைக்காத அந்த மூன்றாவது ஆளையும் கர்த்தர் தம் செட்டைகளின் கீழ் வைத்துக் காப்பாராக. உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் ஸ்தோத்திரம்.

அன்புடன்,
அத்தை ஜெபகனி சத்தியநாதன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன், ட்ரிப்பரைச் சோதிக்க நீங்கள் அழுத்திப் பார்க்கச் சொன்ன 'டி' பொத்தான் நினைவுக்கு வந்தது. அழுத்தினால் உடனே விழ வேண்டும் என்றீர்கள். அழுத்தினேன். விழவில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன். மின்விசிறி நிம்மதியாகச் சுற்றியது. உங்கள் மாமா பேப்பரை இறக்காமலே, "அது எப்படி விழும்? ஒயரே இல்லையே" என்றார். கல்யாணத்தன்று பெருமாள் கம்பிகளைப் போர்டுக்குப் பின்னால் நேராக முறுக்கி டேப் சுற்றிவிட்டு, ட்ரிப்பரைச் சும்மா மாட்டி வைத்திருக்கிறார். மறுநாள் திரும்ப இணைப்பதாகத்தான் ஏற்பாடாம். "அப்பறம் பாத்தா வீடு அமைதியா இருந்துது. எம்பொண்ணு வரணும் ஜெபா, அவ்வளவுதான். மாப்பிள்ளை வந்தா பாக்கறதுக்கு செவுத்துல இருக்குதே!" என்றார்.

எனவே மேலே எழுதியதில் எங்கள் இருவரின் நலம் மட்டும் உண்மை. எப்சியை இப்போது அழைத்து வர வேண்டாம். மெத்தையைச் சுருட்டி வைக்கிறேன். நீங்கள் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உங்கள் கையாலேயே இதைச் சரிசெய்து கொடுங்கள். ஒரு மாமியார் இப்படி எழுதக் கூடாதுதான், மன்னிக்கவும்: குளித்துவிட்டே வாருங்கள்.