எரிமலை விளிம்பில் மாமியார்

கயெம்பா ஒரு முட்புதருக்குள் தலையை நுழைத்துக்கொண்டு குப்புறக் கிடந்தான். அவன் பின்புறம் மட்டும் பாதையில் போகிறவர்களுக்குத் தாராளமாகத் தெரிந்தது.

"டேய், அவசரம்னா ஓரமா நின்னு போய்ட்டு வா. எதுக்கு இப்படிப் படுத்துக்கிட்டிருக்கே?" என்றான் ஓகோலா.

"சத்தம் போடாதேடா. அங்க மஞ்சள் முக்காடு போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்களே, அதுல ஒண்ணு என் மாமியார்."

ஓகோலாவும் கிச்சுகியும் எட்டிப் பார்த்தார்கள். லோங்கோனோட் எரிமலையின் விளிம்பில், நூறடி தள்ளி, ஒற்றையடிப் பாதையை அடைத்துக்கொண்டு இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருபது பேருக்கும் ஒரே மஞ்சள் முக்காடு, ஒரே நீலச் சட்டை, சட்டை முதுகில் ஒரே பைபிள் வசனம். பாதைக்கு இடப்பக்கம் எரிமலையின் வாய். வலப்பக்கம் செங்குத்துச் சரிவு. சுற்றிக்கொண்டு போக ஆட்டுக்குட்டிக்குக்கூட இடமில்லை.

"இதுல எது உன் மாமியார்?"

"ஒரு நொடி திரும்பினாங்க, முகம் தெரிஞ்சுது. அதுக்குள்ள நான் இங்க பாய்ஞ்சுட்டேன். இப்ப எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

"இருந்தா என்ன இப்போ?" என்றான் கிச்சுகி. "போய்க் கும்பிட்டுட்டு ரெண்டு மண்டாசிப் பணியாரம் வாங்கிட்டு வா. எனக்குப் பசிக்குது."

கிச்சுகி கிக்குயு இனத்தான். மாமியார் வீட்டுக்குப் போனால் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு மூன்றாவது தட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருகிறவன். கயெம்பா பங்கோமாக்காரன், புக்குசு இனம். அங்கே மருமகனும் மாமியாரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளக் கூடாது, தொடக் கூடாது, ஒரே கூரையின் கீழ் படுக்கக் கூடாது. வழியில் எதிர்ப்பட்டால் யாராவது ஒருவர் காட்டுக்குள் இறங்கிவிட வேண்டும். சபைக் கூட்டத்துக்காக மாமியார் நைரோபி வந்து கயெம்பாவின் வீட்டில் தங்கியிருந்ததால், அந்த வீட்டுக்கு வாடகை கொடுக்கிற கயெம்பா மூன்று நாளாக ஓகோலா வீட்டு சோபாவில் கிடந்தான். அவன் முனகலைக் கேட்கச் சகிக்காமல்தான் சனிக்கிழமையும் அதுவுமாக நண்பர்கள் இரண்டு பேரும் அவனை மலைக்கு இழுத்து வந்திருந்தார்கள்.

கயெம்பா புதருக்குள் இருந்தபடியே, ஊர் முறைப்படி மனைவியாகிவிட்ட நெகேசாவுக்கு போன் போட்டான்.

"உங்கம்மா எதுக்கு மலைக்கு வந்திருக்காங்க?"

"சபையில கூட்டிட்டுப் போயிருக்காங்க. உயரத்துல நின்னு ஜெபம் பண்ணினா சீக்கிரம் கேட்குமாம். நீ எதுக்கு அங்க போனே? ஓகோலா வீட்டை விட்டு நகராதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

"காத்தாட வந்தோம்."

"இங்க பாரு. 'நைரோபிப் பையனுக்கு வெட்கம் மானம் கிடையாது'ன்னு எங்கப்பா ஏற்கெனவே பேசிக்கிட்டிருக்காரு. நீ அம்மா எதிர்ல போய் நின்னேன்னு அவர் காதுக்குப் போச்சு, அடுத்த மாசம் சர்ச்ல கல்யாணம் கிடையாது. கவுன் தைச்சாச்சு, முந்நூறு பேருக்குச் சொல்லியாச்சு. நீ அந்தப் புதருக்குள்ளேயே குடியிரு."

அவள் சொன்னபடி குடியிருந்து பார்த்தான். பெண்கள் சாப்பிட்டார்கள், பாடினார்கள், சாப்பிட்டதற்காக ஜெபித்தார்கள், பாடியதற்காகவும் ஜெபித்தார்கள். பிப்ரவரி வெயில் உச்சியில் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்றரை பாட்டில் தண்ணீர்தான் மிச்சம். நாற்பது நிமிடம் கழித்து எறும்புகள் கயெம்பாவின் கால்சட்டைக்குள் புகுந்தன. அவன் புதரை விட்டு வந்தான்.

"அந்தப் பக்கமாப் போயிடலாம்டா," என்றான், எதிர்த் திசையைக் காட்டி. "எப்படியும் விளிம்பைச் சுத்தத்தானே வந்தோம். எந்தப் பக்கம் சுத்தினா என்ன?"

"நல்ல யோசனை," என்றான் ஓகோலா.

மலையேறி வரும் பாதை விளிம்பைத் தொடுகிற இடத்தில் காவலுக்கு நின்ற பெண், "எல்லாரும் அந்தப் பக்கமாத்தான் போவாங்க. இந்தப் பக்கம் எடுத்த எடுப்புலேயே செங்குத்து," என்றாள்.

"நாங்க எல்லார் மாதிரியும் கிடையாதுங்க," என்றான் ஓகோலா.

அவள் அவர்கள் மூவரின் தொப்பைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு வழிவிட்டாள்.

இரண்டு மணி நேரம் ஏறினார்கள், சறுக்கினார்கள், உட்கார்ந்து இறங்கினார்கள். சாம்பல் தூசி மூக்கு, காது, பல்லிடுக்கு எல்லாவற்றிலும் அப்பியது. ஆனால் மாமியார் எங்கோ பின்னால் என்ற நினைப்பில் கயெம்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. உச்சியில் நின்று மூன்று பேரும் படம் எடுத்துக்கொண்டார்கள். நைவாஷா ஏரி கீழே பளபளத்தது. முக்கால் வட்டம் முடிந்த இடத்தில் கிச்சுகி திடீரென்று நின்றான். ஒரு குச்சியை எடுத்துத் தூசியில் எதையோ வரைந்தான்.

"என்னடா?"

"இது வட்டம்," என்றான் கிச்சுகி. "நாம இப்படிப் போறோம். அவங்க அப்படி வர்றாங்க."

மூன்று பேரும் அந்த வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"நீ பத்தாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார்தானேடா?" என்றான் கயெம்பா. "இதை ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி சொன்னா என்ன?"

"வகுப்புல யாராவது கேள்வி கேட்டாத்தான் சொல்லுவேன்."

அப்போது வளைவுக்கு அப்பால் பாட்டுச் சத்தம் கேட்டது. கூட்டுப் பாட்டு, கைதட்டலோடு. அந்த இடத்தில் விளிம்பு சுவர் மாதிரி ஒடுங்கியிருந்தது. புதர் என்று சொல்ல ஒரு புல்கூட இல்லை. கயெம்பா எரிமலையின் வாயை எட்டிப் பார்த்தான். அடியில் காடு, காட்டுக்குள் எருமைகள். ஒரு கணம் அதுவும் சரியான ஏற்பாடாகத்தான் அவனுக்குப் பட்டது.

"படுடா," என்றான் ஓகோலா. "என் கோட்டை முகத்துல போட்டு மூடிக்கோ. வெயில்ல மயங்கிட்டான்னு சொல்றோம். பாவம்னுட்டுத் தாண்டிப் போயிடுவாங்க."

ஜெபக்கூட்டத்துப் பெண்கள் ஒரு நோயாளியைத் தாண்டிப் போவார்கள் என்று நினைத்தது, ஓகோலா பல வருடங்களாக சர்ச் பக்கம் போகாததால் வந்த வினை.

"நிறுத்துங்க," என்றது ஒரு கணீர்க் குரல். கூட்டத்தின் தலைவி சிஸ்டர் பெனினா. "யாரு இந்தப் பிள்ளை? என்ன ஆச்சு?"

"லேசா மயக்கம். நீங்க போங்க, நாங்க பார்த்துக்கறோம்," என்றான் ஓகோலா.

"ஆண்டவரே நம்மளை இங்க அனுப்பியிருக்காரு. எல்லாரும் கையை வைங்க."

கிச்சுகிக்குப் பதறியது. "தொடாதீங்க சிஸ்டர், தொத்து வியாதி," என்றான்.

"தொத்தா? அப்ப ரெண்டு கையையும் வைங்க."

கோட்டுக்கு அடியில் கயெம்பா மூச்சைப் பிடித்துக்கொண்டான். தலையில், தோளில், வயிற்றில், முழங்காலில் கைகள் வந்து விழுந்தன. இதில் ஒன்று அவள் கைதான். எந்தக் கை? நெற்றியில் சூடாக இருக்கிறதே, அதுவா? காலை அமுக்குகிறதே, அதுவா? உடம்பு தானாக நடுங்கத் தொடங்கியது. நடுங்கியதைப் பார்த்ததும் பெண்கள் குரலை உயர்த்தி, அவனுக்குள் இருந்த எதையோ வெளியே போகச் சொல்லி அதட்டினார்கள்.

"முகத்துக்குக் காத்து வேணும். கோட்டை எடுங்க," என்றாள் ஒருத்தி.

"எடுக்காதீங்க," என்று ஓகோலா குறுக்கே பாய்ந்தான். "வெளிச்சம் பட்டா வலிப்பு வந்துடும்."

"வலிப்பு வேறயா? ஐயோ பாவம். அப்ப கீழே தூக்கிட்டுப் போயிடணும்."

"நாங்க தூக்கிக்கறோம்."

"உங்க வயித்தையே உங்களால தூக்க முடியல," என்றது இன்னொரு குரல். "விலகுங்க. பங்கோமாக்காரி நான். மூணு பிள்ளைங்களை மாத்தி மாத்தி முதுகுல கட்டிக்கிட்டுச் சோளம் அறுத்தவ. இவனைத் தூக்க எனக்குத் தெரியும்."

பங்கோமா. மூன்று பிள்ளைகள். நெகேசாவின் வீட்டிலும் மூன்று பேர்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் இடுப்பில் சுற்றியிருந்த இரண்டு துணிகளை முடிச்சுப் போட்டு, குழந்தையைக் கட்டுவது போல அவனை அவள் முதுகில் கட்டிவிட்டார்கள். முப்பத்து நான்கு வயது, எண்பத்தாறு கிலோ. கோட்டு முகத்தை விட்டு விலகாமல் ஓகோலா பிடித்துக்கொண்டே ஓடி வந்தான்.

பெண்கள் வந்த வழியே திரும்பி, பாடிக்கொண்டே மலையிறங்கினார்கள். பாதி வழியில் அவள் கொஞ்சம் மூச்சு வாங்கினாள்.

"தம்பி, பயப்படாதே. எனக்கும் நைரோபியில ஒரு மருமகன் இருக்கான். அவனும் உன் கனம்தான் இருப்பான்."

கயெம்பா கோட்டுக்குள் அழுதுவிட்டான். எதிரில் நின்று பார்த்துக்கொண்டாலே குற்றம் என்கிறவர்கள், முதுகில் சவாரி செய்ததற்கு என்ன சொல்வார்கள் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அவன் வம்சத்தில் இதுவரை ஒருவனும் இந்த அளவுக்குப் போனதில்லை.

அடிவாரத்து வாசலுக்குப் பக்கத்தில் ஒரு வேல மரத்தடியில் அவனை இறக்கிப் படுக்க வைத்துவிட்டு, பெண்கள் தண்ணீர் குடிக்கப் போனார்கள். ஓகோலா கோட்டைத் தூக்கிப் பார்த்தான்.

"வா, ஓடிடலாம். ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது."

"எனக்குத் தெரியுமேடா," என்றான் கயெம்பா. "என் மாமியார் என்னை முதுகுல சுமந்திருக்காங்க. நாளைக்குக் கல்யாணத்துல என் பக்கத்துல உங்க ரெண்டு பேரையும் பார்த்துட்டு, 'இவனைத்தானே தூக்கினேன்'னு அவங்களுக்குத் தோணினா? முந்நூறு பேர் முன்னாடி மயங்கி விழுந்துடுவாங்க. அதுக்கு முன்னாடி நானே ஒத்துக்கிட்டா, உண்மையைச் சொன்னான்கிற பேராவது மிஞ்சும்."

"மாப்ளே, உண்மையெல்லாம் இப்ப எதுக்கு? உனக்குப் பழக்கமே இல்லையே," என்றான் கிச்சுகி.

கயெம்பா கேட்கவில்லை. கழிப்பறைக்குப் பின்னால் போய் நின்று, பங்கோமாவில் இருக்கும் மாமனாருக்கு போன் செய்தான். காலையிலிருந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். புதரைச் சொன்னான், வட்டத்தைச் சொன்னான், நாற்பது கைகளைச் சொன்னான், கடைசியில் முதுகையும் சொன்னான்.

அந்தப் பக்கம் ரேடியோவை அணைக்கிற சத்தம் கேட்டது.

"கட்டித் தூக்கினாளா?" என்றார் மாமனார்.

"ஆமாங்க ஐயா. ரெண்டு துணி போட்டு."

"எவ்வளவு தூரம்?"

"மலை பூரா."

பிறகு யாரிடமோ, "எழுந்து உட்காரு, இதைக் கேளு," என்கிற குரல். அப்புறம் மூன்று நான்கு கிழவர்கள் ஒரே சமயத்தில் பேசும் சத்தம்.

"தம்பி," என்று திரும்பி வந்தார் மாமனார். "நீயா வாயைத் திறந்து சொன்னதாலே உன்னை மன்னிக்கலாம்கறாங்க. ஆனா தீட்டுக் கழிக்காம கல்யாணம் முடியாது. பெரியவங்க கூடணும், அதுக்கு அறுவடை முடியணும். அடுத்த மாசத்துப் பேச்சை விட்டுடு. அடுத்த வருஷம் பார்ப்போம். வரும்போது ஒரு காளை கொண்டா."

"சரிங்க ஐயா."

"கொழுத்ததா இருக்கட்டும்."

போன் வைக்கப்பட்டது. கயெம்பா அப்படியே தரையில் உட்கார்ந்தான். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்று யார் சொன்னார்களோ, அவர்கள் கையில் கிடைத்தால் இந்த மலை மேலிருந்து உருட்டிவிடலாம் என்று இருந்தது. நெகேசாவிடம் இதை எப்படிச் சொல்வது? தைத்த கவுன் அலமாரியில் தொங்குகிறது. ஒவ்வொரு நாள் காலையும் அவள் அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். அவனுக்கு உண்மையாகவே மயக்கம் வருகிற மாதிரி இருந்தது.

ஓகோலாவும் கிச்சுகியும் வந்து இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். யாருக்கும் கிண்டல் செய்யக்கூட மனம் வரவில்லை.

அப்போது வாசல் காவலாளி கையில் வாக்கி டாக்கியோடு அவர்களைத் தேடி வந்தார்.

"உங்கள்ல கயெம்பாங்கிறது யாரு?"

"நான்தான்," என்றான் அவன், ஈன சுரத்தில்.

"மேலேருந்து தகவல் வந்திருக்கு," என்றார் காவலாளி. "காலையில உங்களைப் பார்த்ததுமே ஒரு அம்மா, கூட வந்தவங்ககிட்ட வேனுக்குப் போறேன்னு சொல்லிட்டு, புதருக்குள்ள போய் உட்கார்ந்தாங்களாம். இன்னும் அங்கேயேதான் இருக்காங்க. 'நான் அவன் பக்கத்துலேயே வரல, கல்யாணத்துக்கு ஒரு குறையும் வராதுன்னு சொல்லி மருமகனை நிம்மதியா வீட்டுக்கு அனுப்புங்க, அப்புறமா நான் இறங்கறேன்'னு சொல்லச் சொன்னாங்க."