கழுத்துப் பட்டையும் காணாமல் போன பனியனும்

கடிகாரம் ரிப்பேர் செய்கிறவருக்குக் கழுத்து வலி வந்தது நியாயம்தான். முப்பது வருஷம் ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு குனிந்தே கிடந்தால் வராமல் என்ன செய்யும்? ஆனால் அந்த வலி பிசியோதெரபியில் பன்னிரண்டே நாளில் பறந்துபோனதை நம்ம ஆள் வீட்டில் மூச்சுவிடவில்லை.

காரணம் மொட்டை மாடி. நாற்பத்தெட்டுப் படி. மனைவிக்கு முழங்காலில் மூட்டுத் தேய்மானம் என்று தெரிந்ததும், ஈரத்துணி வாளியைத் தூக்கிப்போய்க் கொடியில் காயப்போடும் வேலை இவர் தலையில் விழ இருந்தது. நல்லவேளையாகக் கழுத்து வந்து காப்பாற்றியது. வலிக்காக மாட்டிவிட்ட பட்டை கழுத்தில் இருக்கிறவரை வாளியைத் தொடுவதில்லை என்று மனசுக்குள் சபதமே எடுத்துவிட்டார்.

“எத்தனை நாள் போடச் சொன்னாங்க?”

“ரெண்டு மாசம்.”

பிசியோதெரபி டாக்டரம்மா சொன்னது ஒரு வாரம். மிச்சமெல்லாம் இவருடைய சொந்தச் சரக்கு.

“துணி காயப்போட்டா என்ன ஆகுமாம்?”

“கையை மேல தூக்கினா நரம்பு இழுக்கும். அண்ணாந்தா தலை சுத்தும். அப்புறம் நான் ஒரு பக்கம், வாளி ஒரு பக்கம் உருண்டு வரணும்.”

“அடப் பாவமே,” என்றாள் மனைவி.

அவளே படியேறினாள். கைப்பிடியைப் பிடித்து, படிக்கு ஒரு முனகல். கீழே உட்கார்ந்திருந்தவருக்கு நாற்பத்தெட்டும் கேட்கும். மனசு குத்தத்தான் செய்தது. பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

முட்டி வீங்கிப்போய், மூன்றாவது வாரம் அவளும் அதே டாக்டரம்மாவிடம் போனாள். திரும்பி வந்தவளை இவர் வாசலிலேயே மடக்கினார்.

“என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?”

“எப்படி இருக்கார்னு கேட்டாங்க. கடவுள் புண்ணியத்துல பட்டையோட இருக்கார்னு சொன்னேன்.”

அன்று முதல் அவள் தினமும் கட்டிலில் காலை நீட்டி, முட்டிக்கு அடியில் துண்டு சுற்றிய உருளை ஒன்றை வைத்து, அமுக்கி அமுக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். அதே சமயத்தில் இவருடைய பழைய பனியன் காணாமல் போனது. எட்டு ஓட்டை விழுந்த, நல்ல காற்றோட்டமான பனியன்.

“எங்கடி போச்சு?”

“உங்க கிட்டயேதான் எங்கயாவது இருக்கும். நல்லாத் தேடுங்க.”

“கழுத்தைத் திருப்ப முடியாதவன் எப்படித் தேடுவான்?”

“அதுவும் சரிதான்.”

கடுகளவு திருகாணி மேஜைக்கடியில் விழுந்தாலும் கண்டுபிடிக்கிற மனுஷனுக்குப் பத்து நாளாகியும் பனியன் அகப்படவில்லை.

சனிக்கிழமை அவள் போகும்போது இவரையும் இழுத்துக்கொண்டு போனாள்.

“இப்ப எப்படி இருக்கு சார்?” என்றார் டாக்டரம்மா.

“ஏதோ இந்தப் பட்டை இருக்கிறதால தலை நிக்குது. உள்ளே இருக்கிற ஸ்பாஞ்சு என்னமாத் தாங்குது தெரியுமா? நேத்து குளிக்கும்போது கழட்டினேன். தலை அப்படியே தோள்ல சாஞ்சிடுச்சு.”

டாக்டரம்மா பட்டையைக் கழற்றினார். அமுக்கிப் பார்த்தார். ஓரத்து ஜிப்பைத் திறந்து உள்ளே இருந்ததை உருவினார். நாலாக மடித்த பனியன். எட்டு ஓட்டையும் பத்திரமாக இருந்தன.

நம்ம ஆள் வெடுக்கென்று மனைவி பக்கம் திரும்பினார்.

“நல்லாத் திரும்புதே,” என்று டாக்டரம்மா சீட்டில் குறித்துக்கொண்டார்.

மனைவி பையிலிருந்து தன் உருளையை எடுத்துத் துண்டைப் பிரித்தாள். உள்ளே ஸ்பாஞ்சு. “வெறும் துண்டு நசுங்கிப்போகுதுங்க. உங்களுக்குத்தான் ஒரு வாரத்தோட வேண்டாம்னு சொல்லியாச்சாமே. அதான் எடுத்துக்கிட்டேன். பத்து நாளாச்சு.”

“தெரிஞ்ச அன்னிக்கே கேட்டிருக்கலாம்ல?”

“நீங்களா ஒரு நாள் வாளியைத் தூக்குவீங்கன்னு பார்த்தேன். ஒவ்வொரு படியும் வலிச்சுதுங்க.”

அவருக்கு நிஜமாகவே வெட்கமாகப் போய்விட்டது. தலையைத் தொங்கப் போட்டார்.

“குனியாதீங்க சார், குனிஞ்சுதான் வலியே வந்தது,” என்றார் டாக்டரம்மா. “தினமும் காலையில ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி, மெதுவா அண்ணாந்து பார்க்கணும். இருபது தடவை. மேல கொடி மாதிரி ஏதாவது இருந்தா, எவ்வளவு தூக்கணும்னு ஒரு அளவு தெரியும்.”

மனைவி அப்போதுதான் கேட்கிறவள் போலத் தலையாட்டினாள்.

மறுநாள் காலை நாற்பத்தெட்டுப் படியும் ஏறி, வாளியை இறக்கி வைத்தார். கைக்கு முதலில் வந்தது துவைத்த பனியன். இரண்டு கையையும் தூக்கி, அண்ணாந்து, கொடியில் போட்டார்.

கீழே முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மனைவியின் குரல் வந்தது.

“ஒண்ணு. இன்னும் பத்தொம்பது இருக்குங்க.”