ஜீப்பின் மேல் முப்பத்திரண்டு பெருக்கல் குறிகள்

பழைய வண்டி வாங்குவோர் ஓர் இனம். விற்போர் ஓர் இனம். இவ்விரண்டுக்கும் நடுவே, வாங்காமலும் விற்காமலும், ஞாயிற்றுக்கிழமைகளில் சலவைச் சட்டையுடன் தோன்றும் மூன்றாம் இனம் ஒன்று உண்டு. ‘கூட வந்து பார்ப்பவர்’ என்று அதற்கு நான் பெயரிட்டிருக்கிறேன். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். இல்லை என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்.

இவரை அழைக்க வேண்டியதில்லை. “வண்டி ஒன்று பார்க்கப் போகிறேன்” என்று டீக்கடையில் முணுமுணுத்தால் போதும். உங்களுக்கு முன்னால் போய் அங்கே நிற்பார். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட வாங்கியதில்லை என்பதே அவருடைய தகுதி. வாங்கியிருந்தால் அவரும் ஏமாந்திருப்பார் அல்லவா?

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய எங்கள் வரிசை வீடுகளில் இவ்வினத்தின் சிறந்த மாதிரி ரத்தினம். முப்பது ஆண்டுகள் சுரங்கத்தில் இரும்புக் கம்பியால் மேற்பாறையைத் தட்டிப் பார்த்தவர். கணீரென்று ஒலித்தால் ஆட்களை உள்ளே விடுவார். டொப்பென்று ஒலித்தால் சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறி போடுவார். அந்தக் குறியைத் தாண்டி எவரும் காலெடுத்து வைத்ததில்லை. அவரால் உயிர் பிழைத்தோர் பலர். அதை நான் மறுக்கவில்லை. ஓய்வு பெற்ற அன்று கம்பியைத் திருப்பிக் கொடுத்தார். சுண்ணக்கட்டியைக் கொடுக்கவில்லை.

அடுத்த வீட்டுப் பர்னபாஸ், சுரங்கத்துக்குள்ளே, ஆட்களின் கூண்டை ஏற்றி இறக்கும் இயந்திரத்துக்கு முப்பது ஆண்டு எண்ணெய் விட்டே நரைத்தவர். தனக்கென்று ஓர் எஞ்சின் வேண்டும், அதைத் தன் கையால் பிரித்துப் பூட்ட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. 1968ஆம் ஆண்டு, பக்கத்துச் சுரங்கமான பாலகாட்டில் மரியகுழந்தை என்பவர், ராணுவ ஏலத்தில் எடுத்த ஜீப்பை, நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் ஜீப்பை, விற்கப்போவதாகச் செய்தி வந்தது. பர்னபாஸின் மனைவி பாக்கியவதி கோழிக் கொட்டகையையே காலி செய்து கொடுத்தார். கோழிகள் சமையலறைக்குக் குடிபெயர்ந்தன. ஸ்பானர்கள் அளவு வாரியாக ஆணிகளில் தொங்கின. வண்டி ஒன்றுதான் குறை.

“பன்னண்டு மணிக்குப் பங்காருபேட்டையிலருந்து ஒரு ஆளு வரான். அதுக்குள்ள சொல்லிடுங்க” என்றார் மரியகுழந்தை.

ஒன்பது மணிக்குப் பார்வை தொடங்கியது. நானும் போயிருந்தேன், வேடிக்கை பார்ப்பது குற்றமன்று. ரத்தினம் எஞ்சின் மூடியைத் திறக்கவில்லை. வண்டியைக் கிளப்பச் சொல்லவில்லை. பையிலிருந்து சிறு சுத்தியலை எடுத்தார். மட்கார்டைத் தட்டினார். காதை வைத்தார். கண்ணை மூடினார்.

“டொப்புங்குது.” சட்டைப்பையிலிருந்து சுண்ணக்கட்டி வந்தது. ஒரு பெருக்கல் குறி.

அடுத்த தட்டலுக்கு மரியகுழந்தை பதறினார். “அண்ணே, அது டயரு! டொப்புனுதான் கேக்கும்.”

“தட்டறது யாரு? நீயா, நானா?” டயருக்கும் ஒரு குறி.

பர்னபாஸ் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் போல நெளிந்தார். “இன்னாண்ணே, ஒரு தபா ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா?”

“கூரையைத் தட்டாம உள்ள பூந்துடுவியா நீ?”

“இதுக்குக் கூரையே இல்லியேண்ணே.”

“அதையும் எழுதிக்கோ!” என்று, இல்லாத கூரைக்கு ஈடாக முன்கண்ணாடிச் சட்டத்தில் ஒரு குறி போட்டார்.

நண்பகலில் குறிகள் முப்பத்திரண்டு. பங்காருபேட்டைச் சம்பங்கி வந்து இறங்கினார்; காய்கறி வியாபாரி; சுரங்கத்தில் ஒரு நாளும் இறங்காதவர். வண்டியை ஒரு முறை சுற்றி வந்தார்.

“இதெல்லாம் யார் போட்டது சாமி?”

“நான்தான்.”

“ஒண்ணும் விட்டுப் போவலியே?”

“என் கையில தப்பாது” என்றார் ரத்தினம், மார்பை நிமிர்த்தி.

“அப்போ ஒளிச்சு வெச்ச குறை ஒண்ணுகூட இல்லே. ஆயித்து, நான் எடுத்துக்கறேன்.”

மரியகுழந்தை நேர்மையானவர். “மொதல்ல வந்தவரு நீங்க. இன்னா சொல்றீங்க?” என்று பர்னபாஸைக் கேட்டார்.

பர்னபாஸ் வண்டியில் ஏறக் காலைத் தூக்கினார். கால் வைக்கும் இடத்திலே வெள்ளை வெளேரென்று ஒரு பெருக்கல் குறி. அறிவு ஏறச் சொல்லியது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் அது முப்பது ஆண்டு சுரங்கத்தில் பழகிய கால். தானாகவே தரைக்குத் திரும்பிவிட்டது.

சம்பங்கி பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, அதே குறியை மிதித்து ஏறினார். வண்டி இருமிற்று, கிளம்பிற்று. பொன் எடுத்தபின் கொட்டிய மணல் மலையாகக் குவிந்த சயனைட் மேட்டில், ஆடுகளே கால் புதையும் சரிவில், நான்கு சக்கரங்களும் இழுக்க ஏறி, திரும்பி, பங்காருபேட்டைச் சாலையைப் பிடித்தது.

பர்னபாஸ் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார். “மூணாவது சிலிண்டர்தான் விட்டு விட்டு அடிக்குது. ஒரு பிளக்கு மாத்தினா போதும்” என்றார், யாரிடமும் அல்ல.

“தப்பிச்சே!” என்று அவர் தோளைத் தட்டினார் ரத்தினம். அங்கே என்ன ஒலி கேட்டதோ, நான் அறியேன்.

வாசலில் பாக்கியவதி கேட்டார்: “வண்டி எங்க?”

“அண்ணன் காப்பாத்திட்டாரு.”

பாக்கியவதி உள்ளே போய்க் கோழிகளைக் கொட்டகைக்கு ஓட்டி வந்தார். “அண்ணே, கையோட இதுங்களையும் ஒரு தபா தட்டிப் பாத்துடுங்க. டொப்புனு கேட்டா அடுப்புல போட்டுடறேன்.”

ரத்தினத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள், மகிழ்ச்சி. ஆனால் இதைப் படித்துவருகையில், குறிகள் முப்பத்திரண்டுதானா என்றும், அந்த மேட்டில் ஜீப் ஏறுமா என்றும், மூன்றாவது சிலிண்டரைக் காதால் கண்டுபிடிக்க முடியுமா என்றும் எத்தனை இடங்களில் தட்டிப் பார்த்தீர்கள்? உங்கள் சட்டைப்பைக்குள் சற்றுக் கையை விடுங்கள். விரலில் வெள்ளையாக ஏதேனும் ஒட்டுகிறதா?