மேற்குப் பக்கத்து ஜன்னல்

ராஜமாணிக்கம் ஜன்னல் கதவைக் கம்பி வழியாக ஒரு விரல் அளவுதான் தள்ளினார். அது 'கிரீச்' என்று ஊரையே கூட்டியது. எதிர்வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்த தம்பி இம்மானுவேல் நிமிர்ந்து பார்த்தார். ராஜமாணிக்கம் சட்டென்று குனிந்து தரையில் எதையோ தேடினார்.

"இன்னாத்த தேடற?" என்றாள் மனைவி கங்கம்மா.

"பல்லி."

"கிடைச்சா நாஷ்டாவுக்குக் கூப்டு."

அண்ணனும் தம்பியும் கும்மிடிப்பூண்டியில் ஒரே இரும்பு கம்பெனியில் வேலை பார்த்து, ஒரே வேனில் போய் வந்து, ஒரே மனையில் எதிரெதிரே வீடு கட்டியவர்கள். நடுவில் இடுப்பளவுச் சுவர் மட்டும். தம்பி மகள் ஷைனியின் கல்யாண வரவேற்பில் மைக் பிடித்தவன் மாமன், மச்சான், வேன் டிரைவர் வரை போட்டோவுக்கு மேடையேற்றிவிட்டு, பெண்ணின் பெரியப்பாவை மறந்துபோனான். ராஜமாணிக்கம் பிரியாணியைத் தொடாமல் எழுந்து வந்தார். அன்றோடு பேச்சு நின்றது. தம்பியும் வந்து கூப்பிடவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே ரோஷம்.

அதன் பிறகு இம்மானுவேலுக்கு நெஞ்சுவலி வந்தது. சென்னையில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, மனைவி ஏஞ்சலினோடு திரும்பினார். ஆஸ்பத்திரிக்குக் கங்கம்மா மட்டும்தான் போனாள். வந்தவளிடம் ராஜமாணிக்கம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"மாத்திரைய வாயில வைக்கவே மாட்டேன்றாராம். ஏஞ்சலின் அழுவுறா" என்று அவளாகவே சொன்னாள்.

அன்று முதல் அவர் ஜன்னலை விட்டு நகரவில்லை. தம்பியைப் பார்க்க வேண்டும். பார்ப்பது தம்பிக்குத் தெரியக் கூடாது. அவருடைய கஷ்டம் அவ்வளவுதான்.

முதலில் கீலுக்கு எண்ணெய் விட்டார். கரையான் தின்ற மரம். மறுநாள் தள்ளியதும் கதவு சத்தமே இல்லாமல் திறந்து, அப்படியே கழன்று, தம்பி வீட்டுக் கத்திரிச் செடிமேல் விழுந்தது. இம்மானுவேல் எழுந்து வந்தார். கதவைத் தூக்கி, தூசி தட்டி, சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவன் இப்படிப் பாரம் தூக்குகிறானே என்று ராஜமாணிக்கத்துக்கு உயிரே போயிற்று.

"கம்பெனி கரி ஊட்டுக்குள்ள வருது. புது ஜன்னல் போடணும்" என்றார் மனைவியிடம்.

"கம்பெனி கிழக்கால கீது. நீ மேக்கால ஜன்னல மாத்தற."

"கரி சுத்திக்கினு வருது."

கவரைப்பேட்டையில் கண்ணாடிக் கடை வைத்திருந்த மணவாளன் வந்து அளவெடுத்தான்.

"எதிர்ல கீறவங்களுக்கு நான் தெரியக் கூடாது. அவ்ளோதான்" என்றார்.

மணவாளன் பால் நிறக் கண்ணாடி போட்டுக் கொடுத்தான். உண்மையில் எதிரில் இருப்பவர்களுக்கு அவர் தெரியவில்லை. எதிரில் இருப்பவர்களும் அவருக்குத் தெரியவில்லை. வெள்ளை வெளேரென்ற புகைக்குள் நீலமாக ஒன்று நின்றது. 'இன்னா இவன், எவ்ளோ நேரமா நின்ன எடத்துலயே நிக்கிறான்' என்று காலை முழுவதும் தவித்தார். மத்தியானம் ஏஞ்சலின் வந்து அதைக் கொடியிலிருந்து எடுத்து மடித்து வைத்தாள். லுங்கி.

மணவாளனை மறுபடி வரவழைத்தார். "எனக்கு அவங்க தெரியணும். அவங்களுக்கு நான் தெரியக் கூடாது."

மணவாளன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "எதிர் ஊட்ல யாரு நைனா?"

"என் தம்பி."

"அப்டியா? நான் வேற இன்னாமோ நெனச்சி பேஜாராயிட்டேன். பளபளன்னு ஒரு கண்ணாடி வந்துகீது. வெளிய நிக்கிறவங்களுக்கு அவங்க மூஞ்சிதான் தெரியும். உள்ள நீ இன்னா பண்ணாலும் ஒருத்தனுக்கும் தெரியாது."

பட்டப்பகலில் மாட்டினான். ராஜமாணிக்கம் வெளியே போய் நின்று பார்த்தார். அவருடைய முகம்தான் தெரிந்தது. திருப்தியாக இருந்தது.

மறுநாள் காலை இம்மானுவேல் சீப்போடு சுவர் ஓரம் வந்து, அந்தக் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரினார். கைக்கெட்டும் தூரத்தில் தம்பியின் முகம். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. 'இளைச்சிட்டியேடா' என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. ராஜமாணிக்கம் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னலடியில் உட்கார்ந்தார். எதிர்வீடு ஒரே இருட்டு. கண்ணாடியில் அவர் முகம்தான் தெரிந்தது. மறுநாளும் இருட்டு. தெருவிளக்கு எரிகிறதே, கரண்ட் போகவில்லையே!

"அவங்க ஊட்ல ஏன் லைட்டே போடல?" என்று முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்டார்.

"போய்க் கேளு" என்றாள் கங்கம்மா.

போகவில்லை. நாற்காலியை ஜன்னலோடு ஒட்டிப் போட்டார். சாப்பாட்டையும் அங்கேயே வாங்கிக்கொண்டார். யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் கைகூப்பி, "கர்த்தாவே, அவன் மாத்திரை போடணும். எனக்கு முந்திப் போயிடக் கூடாது" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆம்பளை அழுவதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது என்றுகூட நினைத்துக்கொண்டார்.

அதற்கடுத்த சாயங்காலமும் எதிர்வீடு இருண்டே கிடந்தது. ராஜமாணிக்கத்தின் ரோஷம் அத்தோடு தீர்ந்தது. சட்டைகூடப் போடாமல் சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடினார்.

இருட்டு வராந்தாவில் இரண்டு நாற்காலிகள் அவர் ஜன்னலைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. ஒன்றில் இம்மானுவேல். பக்கத்தில் தண்ணீர்ச் சொம்போடு ஏஞ்சலின்.

"இன்னாடா இது, ஒரு லைட்டுகூட போடாம? உடம்பு முடியலியா?" என்றார் ராஜமாணிக்கம்.

இம்மானுவேல் எழுந்து நின்றார். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். ஏஞ்சலின்தான் சொன்னாள்:

"லைட்டு போட்டா உங்க ஜன்னல்ல எங்க மூஞ்சிதான் தெரியுது மாமா. அணைச்சிட்டு உக்காந்தாதான் உங்க டியூப்லைட்டு வெளிச்சத்துல நீங்க பளிச்சுனு தெரியறீங்க. நீங்க அழுது ஜெபம் பண்றத பார்த்தப்புறம்தான் இவரு மாத்திரையே போடறாரு."