மீசை பாலீஷ் தேய்த்த உருளை

திருப்பூரில் எந்த இரும்பும் மீசை பாலீஷ் அண்ணன் கண்ணில் படாதவரைதான் நிம்மதியாகத் துருப்பிடிக்க முடியும்.

அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறையில் பழகிய கை. பனியன் துணி பின்னும் எங்கள் நிட்டிங் கம்பெனிக்கு மெஷின் பாகங்களின் துருவை எடுக்க வந்தவர். மண்ணெண்ணெயில் ஊறவைப்பார், எமரி பேப்பரால் தேய்ப்பார், கடைசியில் பாலீஷ் சக்கரத்தில் கொடுப்பார். வேலை முடிந்ததா என்று பார்க்க அவரிடம் ஒரே பரிசோதனைதான். பாகத்தை முகத்துக்கு நேரே பிடித்து மீசையை முறுக்குவார். இரண்டு முனையும் தெரிந்தால் முடிந்தது. ஒரு முனை மங்கினாலும் மறுபடி சக்கரம்.

ஒருநாள் துருவெல்லாம் தீர்ந்துபோக, எங்கள் டிபன் பாக்ஸ் மூடிகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார். மூடியில் வெட்டியிருந்த பெயர்கள் அத்தனையும் போயே போச்சு. முருகனுக்கு மாலை போட்டு விரதமிருந்த ஃபிட்டர் திறந்ததில் கோழிக் குழம்பு. பீகார்க்காரத் தம்பி என் அம்மா கிண்டிய களியை விரலால் குத்திப் பார்த்து, "ஏ க்யா ஹை?", இது என்ன என்று இந்தியில் பரிதாபமாகக் கேட்டான்.

"ஏனுங்கண்ணா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றேன்.

"பேரு போனா என்ன கண்ணு? மூடியில மொகம் தெரியுதில்ல? அவங்கவங்க மொகத்தப் பாத்து எடுத்துக்க வேண்டியதுதானுங்களே!"

இப்படிப்பட்டவர் கையில்தான் என் வேலையே போய் மாட்டியது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்துச் சூப்பர்வைசராகி முதல் மாதம். அம்மா பஸ் கண்டக்டரிடம்கூட, "எம்பையன் சூப்பர்வைசருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் டிக்கெட் வாங்குவார். அந்த நேரம் பார்த்து மழையில் கூரை ஒழுகி ஒரு மெஷின் துருப்பிடித்துவிட்டது. சாயங்காலத்துக்குள் துணி தையலுக்குப் போகவேண்டும். "இல்லீன்னா நாளைக்கு நீங்க வர வேண்டாங்க தம்பி" என்றார் முதலாளி, மரியாதை குறையாமல்.

அண்ணன் காலையிலேயே துருவை முடித்துவிட்டார். மெஷினை ஓட்டினோம். துணி இறங்கவில்லை. பின்னிய துணியைக் கீழே இழுக்கிற உருளைகள் சொரசொரப்பாக இருந்தால்தான் துணியைப் பிடிக்கும். அவற்றையும் கண்ணாடியாக்கி வைத்திருந்தார் மனுஷன். துணி வழுக்கி வழுக்கி அங்கேயே சுருண்டது.

"அண்ணா, அது சொரசொரன்னுதானுங்க இருக்கோணும்!"

"அப்படீங்களா? எவனோ சோம்பேறி சரியாத் தேய்க்காம உட்டுட்டான்னு நெனச்சேனுங்க."

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அதைப் பார்த்ததும் அண்ணன் முறுக்கிய மீசையை இறக்கிவிட்டு வெளியே போனார். தன் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார். இரண்டு டியூபையும் உருவி நீளநீளமாக நறுக்கி, உருளைகளில் இறுக்கிச் சுற்றினார். ரப்பர் துணியைக் கவ்விக்கொண்டது. நல்லவேளை, கருநீல நூல். கறுப்பு ஒட்டினாலும் தெரியாது. துணி இறங்க இறங்க, தொண்டையில் நின்ற என் உயிரும் இறங்கி இடத்துக்கு வந்து சேர்ந்தது.

சாயங்காலம் முதலாளி துணியைத் தடவிப் பார்த்து, "பரவால்லீங்க தம்பி" என்று திரும்பினார். நான் மூச்சு விட்டேன். பாதி மூச்சில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மொதலாளி, முக்கியமானதப் பாக்காமப் போறீங்களே! ரப்பருக்குள்ள பாருங்க, அப்படியொரு பாலீஷ்!"

சொல்லிக்கொண்டே, ஓட்டம் நின்றிருந்த மெஷினில் ரப்பர் சுற்றைப் பிரித்தும் விட்டார். முதலாளி குனிந்து உருளையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, புதிதாகச் சாயம் பூசிய தன் மீசையை மெல்ல ஒரு முறுக்கு முறுக்கினார்.

"திரும்பச் சுத்தி வெச்சுருங்க" என்று போய்விட்டார்.

அண்ணன் டியூப் இல்லாத சைக்கிளை லொடலொடவென்று ராஜா மாதிரி தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

இப்போது எனக்கென்று சொந்தமாக ஒரு சின்ன நிட்டிங் ஷெட் இருக்கிறது. வேலையிலிருந்து நின்றுவிட்ட அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டிப் பார்ப்பார். "ஷெட்டு கேட்டெல்லாம் துரு ஏறிக் கெடக்குது, ஆளு உட்டுத் தொடைச்சா என்ன கண்ணு?" என்று அம்மா நச்சரிக்கிறார்.

நான் யாரையும் தொட விடுவதில்லை. அண்ணன் வந்தால் கைக்கு ஏதாவது வேலை இருக்க வேண்டாமா?